பிள்ளையை யார் கையில் கொடுப்பது?
(பகலிலும் இரவிலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா வைக்கும் தம்பதிகளுக்குச் சில யோசனைகள்)



தறிச் சத்தத்தோடு விடிகிற ஊர் நம் ஐயம்பேட்டை. கோர்வைப் புடவை நெய்ய ஒருவர் மட்டும் போதாது என்பது உங்களுக்குத் தெரியும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். புருஷன் தறியில் உட்கார்ந்தால் கரைக்கு உதவி செய்ய மனைவியும் கூடவே உட்கார வேண்டியிருக்கிறது. தார் சுற்றுவது, நூலைப் பிரிப்பது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையே. கைக்குழந்தை ஏணையில் கிடந்து அழும். அம்மா "இதோ வந்துட்டேன் கண்ணு" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள். ஆனால் எழுந்து வர முடியாது.

இது தறி வீட்டுக் கதை. இப்போது இன்னொரு கதையும் சேர்ந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் தொழிற்சாலைகள் வந்த பிறகு, நம் பெண்கள் கம்பெனி வண்டி ஏறி ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். பெண்கள் இரவில் தொழிற்சாலை வேலை பார்க்கத் தடையாக இருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவை, 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெண்ணுக்கு இரவு ஷிப்டு வந்தது. ஆனால் இரவில் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு எந்தத் தீர்ப்பும் பதில் சொல்லவில்லை. அதற்கு நீங்கள் இருவரும்தான் பதில் தேட வேண்டும்.

மாமியாரோ அம்மாவோ வீட்டில் இருந்தால் கவலை பாதி குறையும். இல்லாதவர்கள் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறார்கள். அதில் தவறே இல்லை. ஆனால் ஆளைத் தேடும் விதத்தில்தான் தவறு நேர்கிறது. பசு மாடு வாங்கப் போனால் பல் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நாலு பேரை விசாரிக்கிறோம். பிள்ளையைக் கொடுக்கும்போது மட்டும், "நல்ல மாதிரியாத்தான் தெரியுது, நாளையிலிருந்து வரச் சொல்லு" என்று முடித்துவிடுகிறோம்.

நம் பக்கத்தில் பாட்டியையும் ஆயா என்கிறோம்; சம்பளத்துக்கு வருகிறவரையும் ஆயா என்கிறோம். வார்த்தை ஒன்றாக இருப்பதால் நம்பிக்கையும் தானாக வந்துவிடுகிறது. பெற்ற பாட்டிக்கு உள்ள அனுபவமும் பாசமும் இவருக்கும் இருக்கலாம். இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்வது உங்கள் கடமை.

முதலில் நீங்கள் இருவரும் பேசுங்கள்

ஆள் தேடுவதற்கு முன்பு, ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து நான்கு விஷயங்களை முடிவு செய்யுங்கள்.

ஒன்று, உண்மையில் எத்தனை மணி நேரத்துக்கு ஆள் தேவை? தறி ஓடும் நாலு மணி நேரமா, முழு இரவா? மனைவி இரவு ஷிப்டுக்குப் போகும் வாரத்தில் புருஷன் வீட்டில்தானே இருக்கிறார்? "ஆம்பளை எப்படிக் கைக்குழந்தையைப் பாக்கறது?" என்று கேட்கும் தகப்பனார்களுக்கு ஒரு வார்த்தை: பால் சுரப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லா வேலையும் ஆணும் செய்யலாம். துணி மாற்றலாம், பாலாடையால் பால் புகட்டலாம், தோளில் போட்டு ஏப்பம் வாங்கலாம். நிறைய வீடுகளில் இரவு ஆயாவுக்கான தேவை இந்தப் பேச்சிலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

இரண்டு, ஆயா உங்கள் வீட்டுக்கு வருவதா, குழந்தையை அவர் வீட்டில் கொண்டுபோய் விடுவதா? கைக்குழந்தைக்கு, அதிலும் இரவு நேரத்துக்கு, சொந்த வீடே மேல். அவர் வீட்டில் விடுவதென்றால் அங்கே வேறு யார் யார் இருக்கிறார்கள், இரவில் யார் வந்து போகிறார்கள், வேறு எத்தனை பிள்ளைகளை வைத்திருக்கிறார் என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தவழாத, நடக்காத கைக்குழந்தைகள் இரண்டு மூன்றுக்கு மேல் இருந்தால் ஒருவரால் சமாளிக்க முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் அழுதால் எதை முதலில் எடுப்பார்?

மூன்று, சம்பளம் எவ்வளவு கொடுக்க முடியும்? கட்டுப்படியாகாத தொகையைச் சொல்லி ஆளை அழைத்து, மூன்றாம் மாதம் பாக்கி வைத்தால் அவர் மனமும் கெடும், வேலையும் கெடும்.

நான்கு, குழந்தைக்கு வயது என்ன? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே உணவு. ஒரு நாளில் 8 முதல் 12 தடவை வரை பால் குடிக்கும் பருவம் அது. அந்த ஆறு மாதத்தில் தாய் முழு இரவும் வெளியில் இருப்பதைத் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு. கம்பெனியில் கேட்டு வாங்குங்கள். அது சலுகை அல்ல, உரிமை.

நர்ஸ் வேறு, ஆயா வேறு

"எங்க ஏஜென்சியில டிரெயினிங் எடுத்த ஹோம் நர்ஸ் அனுப்பறோம்" என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்பவர்கள் உண்டு. நர்ஸ் என்பவர் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் குழுமத்தில் பதிவு செய்தவர். அவருக்குப் பதிவு எண் இருக்கும்; கேட்டால் காட்டுவார். சில வாரப் பயிற்சி பெற்ற குழந்தைப் பராமரிப்பாளர் நல்லவராகவும் கெட்டிக்காரராகவும் இருக்கலாம். ஆனால் அவர் நர்ஸ் அல்ல. ஊசி போடவோ, மருந்து தீர்மானிக்கவோ அவருக்கு இடமில்லை.

எடை குறைவாகப் பிறந்த குழந்தை, குறை மாதக் குழந்தை, இருதயக் கோளாறோ வலிப்போ உள்ள குழந்தை ஆகியவற்றுக்கு யாரை வைப்பது என்பதை ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். ஆரோக்கியமான குழந்தைக்கு நர்ஸ் தேவையில்லை. பொறுமையும் சுத்தமும் உண்மையும் உள்ள ஒரு பெண்மணி போதும்.

ஏஜென்சி மூலம் எடுத்தால், அவர் வராத நாளில் மாற்று ஆள் யார், அந்த ஆளை நீங்கள் முன்பே பார்க்க முடியுமா, முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து "மாத்து ஆள் நான்தான்" என்று நின்றால் குழந்தையைக் கொடுக்காதீர்கள். அன்றைய வேலை போனாலும் பரவாயில்லை.

நேரில் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மரியாதையாகப் பேசுங்கள். விசாரணை மாதிரி இல்லாமல் பேச்சுவாக்கில் கேட்டால் உண்மை வெளிவரும். "பிள்ளை பாக்கத் தெரியுமா?" என்று கேட்டால் எல்லோரும் "தெரியும்" என்றுதான் சொல்வார்கள். அதனால் இப்படிக் கேளுங்கள்:

"ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதா முதல்ல என்னம்மா செய்வீங்க?"

துணி நனைந்திருக்கிறதா, பசியா, எறும்பு பூச்சி ஏதாவது கடித்ததா என்று பார்ப்பேன் என்றால் நல்ல பதில். "ஒரு சொட்டு மருந்து கொடுத்தா தூங்கிடும்" என்றால் அவர் வேண்டாம்.

"எவ்வளவு தூக்கியும் அழுகை நிக்கலேன்னா?"

இது முக்கியமான கேள்வி. பொறுமை எல்லை மீறும்போது சிலர் குழந்தையைப் பிடித்து உலுக்கிவிடுகிறார்கள். கைக்குழந்தையின் தலை கனமானது, கழுத்து பலமில்லாதது. உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும், கண் பார்வை போகும், உயிரும் போகலாம். "பத்திரமான இடத்தில படுக்க வெச்சுட்டு, இரண்டு நிமிஷம் தள்ளி நின்னு மூச்சு விட்டுட்டு வருவேன், அப்பவும் நிக்கலேன்னா உங்களுக்கு போன் பண்ணுவேன்" என்பவர் அனுபவசாலி.

"இதுக்கு முன்னாடி எந்த வீட்டில பாத்தீங்க? ஏன் விட்டீங்க?"

அந்த வீட்டுக்குப் போய் அந்தத் தாயிடம் நேரில் பேசுங்கள். "நல்லவங்கதான்" என்ற ஒரு வார்த்தையோடு திரும்பாதீர்கள். "உங்க அடுத்த பிள்ளைக்கும் இவங்களையே வைப்பீங்களா?" என்று கேளுங்கள். பதிலை விட, பதில் வரும் வேகம் நிறையச் சொல்லும்.

"இருமல் இருக்கா? இரண்டு வாரத்துக்கு மேல இருந்திருக்கா?"

காச நோய் உள்ளவர் குழந்தையை அணைத்துக்கொண்டு ஒரே அறையில் தூங்கினால் கைக்குழந்தைக்கு எளிதில் தொற்றும். சிசுக்களுக்கு அந்த நோய் மூளை வரை போகக்கூடியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். "என்னைச் சந்தேகப்படறீங்களா?" என்று அவர் வருத்தப்பட்டால், "உங்களுக்கும் நல்லதும்மா, நாங்களும் பரிசோதனை பண்ணிக்கறோம்" என்று சொல்லி நீங்களும் கூடப் போய் வாருங்கள்.

இவற்றோடு ஆதார் அட்டை நகல், வீட்டு முகவரி, நெருங்கிய உறவினர் ஒருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். வீட்டு வேலையாளைப் பற்றிய சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வசதி உண்டு. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல ஆயாவுக்கு அது ஒரு நற்சான்றிதழ்.

ஒரு வாரம் கூட இருந்து பாருங்கள்

ஆளைப் பிடித்துப்போனதும் மறுநாளே விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். முதல் ஒரு வாரம் தாய் வீட்டில் இருக்கும்போதே ஆயா பார்க்கட்டும். குழந்தையைத் தூக்கும்போது தலையைத் தாங்குகிறாரா, துணி மாற்றிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாரா, குழந்தையோடு பேசுகிறாரா, அல்லது கைப்பேசியே கதியா என்று கவனியுங்கள். குழந்தைக்கு அவருடைய மணமும் குரலும் பழகட்டும். இரவு ஆயா என்றால் இரண்டு மூன்று இரவுகளாவது நீங்கள் வீட்டில் இருக்கும்போது அவர் பொறுப்பில் விட்டுப் பாருங்கள். வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் சில நாள் சொல்லாமல் திரும்பி வாருங்கள்.

குழந்தை பேசாது, ஆனால் உடம்பு சொல்லும். ஆயாவைக் கண்டதும் உடல் விறைப்பது, காரணம் தெரியாத காயம், சூடு, கன்றிப்போன இடம், எப்போது வந்தாலும் மந்தமாகத் தூங்கிக்கொண்டே இருப்பது ஆகிய எதையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

குளிப்பாட்டுகிறவரிடம் சொல்ல வேண்டியவை

பிரசவமான வீட்டுக்கு வந்து பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் பெரியம்மாக்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கை பழகிய கை. இளம் தாய்க்குக் குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தருபவர்களும் அவர்களே. அவர்களைக் குறை சொல்ல இது எழுதப்படவில்லை. ஆனால் சில பழைய பழக்கங்களை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

1. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது கூடாது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஆறாத சளிக் காய்ச்சல் வரும்.

2. மூக்கில் வாயை வைத்து ஊதுவது, தொண்டைக்குள் விரல் விட்டுக் கோழை எடுப்பது, தொக்கம் எடுப்பது கூடாது. நோய்க் கிருமி நேரே உள்ளே போகும். தொண்டையில் புண் ஆகும்.

3. பிறந்த குழந்தையின் மார்பு சற்றே வீங்கியிருப்பது இயற்கை. தாயின் உடலிலிருந்து வந்த ஹார்மோனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் அப்படி இருக்கும், தானே வடியும். அதைப் பிதுக்கிப் பால் எடுத்தால் சீழ் கட்டும்.

4. சாம்பிராணிப் புகையில் குழந்தையைக் காட்டுவது வேண்டாம். ஈரத் தலையைத் துணியால் துவட்டினால் போதும்.

5. உரை மருந்து, வசம்பு, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால் எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம். வெறும் தண்ணீரும் வேண்டாம். தேன் ஒரு வயது முடியும் வரை கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி, சிசுவின் குடலில் விஷத்தை உண்டாக்கி உடலைத் துவளச் செய்யும்.

"நாங்கள்லாம் இப்படித்தான் வளந்தோம்" என்று அவர் சொன்னால், "ஆமாம் பெரியம்மா, ஆனா இப்ப நர்ஸம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று எங்கள் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். சுகாதாரத் துறைக்காரர்கள் அந்தப் பழியைத் தாங்கிக்கொள்வோம்.

தூங்க வைக்கும் மருந்து, உயிரை எடுக்கும் மருந்து

இரவு ஆயா வைக்கும் வீடுகளில் எனக்குள்ள பெரிய பயம் இதுதான். தானும் கொஞ்சம் கண் அசர வேண்டும் என்பதற்காகச் சளி மருந்தை ஒரு மூடி ஊற்றி விடுகிறவர்கள் உண்டு. சில தாய்மாரே "அழுதா இதைக் கொடுங்க" என்று பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சளி மருந்துகளில் உள்ள தூக்கம் தரும் பொருள், சின்ன உடம்பில் மூச்சையே மந்தப்படுத்தும்.

2025ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில் சிந்துவாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மருந்து தயாரானது நம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில்தான். அதில் கலந்திருந்தது டை எத்திலீன் கிளைக்கால் என்னும் விஷம். அந்த அக்டோபரிலேயே மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. ஐந்து வயது வரை பொதுவாக அவை தேவையில்லை என்றும் சொன்னது.

ஆகவே வீட்டில் ஒரே விதி: டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை, தாயோ தகப்பனாரோ அளந்து வைத்தால் ஒழிய, ஆயா எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது. மருந்துப் பாட்டில்களை உயரத்தில் பூட்டி வையுங்கள்.

தறி வீட்டுக்கென்று சில எச்சரிக்கைகள்

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு தறி வீட்டில் மூன்று மாதக் குழந்தை இரவெல்லாம் வீறிட்டு அழுதது. தாய் வேலையில், தகப்பனார் வெளியூரில். ஆயா வயிற்று வலி என்று நினைத்து வசம்பு சுட்டுத் தடவினார், தோளில் போட்டு விடிய விடிய நடந்தார். அவர் அக்கறை இல்லாதவர் அல்ல. காலையில் எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் போய்க் குழந்தையின் துணி, காலுறை எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். இடது கால் இரண்டாம் விரலில் ஒரு பட்டு இழை, மூன்று சுற்றுச் சுற்றி இறுகி, விரல் நாவல் பழம் போல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் இழையை எடுத்தார்கள். விரல் தப்பியது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் விரல் போயிருக்கும்.

பட்டு இழை கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. ஆனால் அறுந்து போகாது. தாயின் தலைமுடியும் அப்படியே சுற்றிக்கொள்ளும். ஆகவே காரணம் தெரியாமல் குழந்தை அழுதால், கை விரல், கால் விரல், ஆண் குழந்தையானால் பிறப்புறுப்பு, எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். தறியிலிருந்து எழுந்து வந்தால் மடியை உதறிவிட்டுக் கை கழுவிக்கொண்டு குழந்தையைத் தூக்குங்கள். நூல் வேலை நடக்கும் பாயில் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள்.

தறிக்குழி இருக்கும் வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், வேலை இல்லாத நேரத்தில் குழியைப் பலகையால் மூடுங்கள். வேலை நேரத்தில் நடுவில் ஒரு தடுப்பு வையுங்கள். சாயம் காய்ச்சும் இடத்துக்கும் காரம், ஆசிட் வைத்திருக்கும் இடத்துக்கும் குழந்தை போகவே கூடாது. வாளியிலும் அண்டாவிலும் தண்ணீரை நிறைத்துத் திறந்து வைக்காதீர்கள். ஒரு சாண் தண்ணீர் போதும் குழந்தை மூழ்க. ஆயா வந்த முதல் நாளே இந்த இடங்களையெல்லாம் கையைப் பிடித்துச் சுற்றிக் காட்டுங்கள்.

இரவுக்கான ஒழுங்கு

படுக்கை: குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், குப்புற வேண்டாம். இங்கிலாந்தில் 1991லும் அமெரிக்காவில் 1994லும் "குழந்தையை மல்லாக்கப் போடுங்கள்" என்று பிரசாரம் செய்தார்கள். அதன் பிறகு தூக்கத்தில் திடீரென்று இறக்கும் சிசுக்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. பாய் மேல் கெட்டியான, சமமான விரிப்பு போதும். தலையணை, பொம்மை, தடித்த போர்வை அருகில் வேண்டாம். கொசுவலை கட்டுங்கள். ஏணை பகலில் கண் பார்வையில் சிறிது நேரம் தூங்க வைக்க ஆகும். இரவு முழுதும் அதில் விடாதீர்கள். சின்னக் குழந்தைக்குக் கழுத்து மடங்கி மூச்சு முட்டலாம். ஆயாவின் பாய் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் தனியாக. குடிப்பழக்கம் உள்ளவர், தூக்க மாத்திரை போடுபவர் இரவுப் பணிக்கு ஆகவே ஆகாது.

பால்: தாய் வேலைக்குப் போகும் முன் கையைச் சோப்பால் கழுவிப் பாலைப் பீய்ச்சி, கொதிக்க வைத்துக் கழுவிய மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் வைக்கலாம். வெளியில் வைத்தால் நாலு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நம் ஊர்க் கோடையில் அதற்கும் முன்பே. குளிர்பெட்டியின் உள்புறத்தில் வைத்தால் ஒரு நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். அடுப்பில் சுட வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து இதமாக்கி, பாலாடையாலோ கரண்டியாலோ, குழந்தையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு புகட்ட வேண்டும். பாட்டில் வேண்டாம், அதன் ரப்பரில் தங்கும் கிருமியே வயிற்றுப்போக்குக்கு வழி. குடித்து மிஞ்சிய பாலைத் திரும்பக் கொடுக்கக் கூடாது. வேலை செய்யும் இடத்திலும் தாய் மூன்று மணிக்கு ஒரு தடவை பாலைப் பீய்ச்சினால்தான் சுரப்பு குறையாது.

நோட்டு: நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வையுங்கள். எத்தனை மணிக்குப் பால், எத்தனை தடவை சிறுநீர், மலம், தூக்கம் என்று ஆயா குறிக்கட்டும். எழுதத் தெரியாவிட்டால் கோடு போடட்டும். காலையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, "ராத்திரி எப்படி இருந்தான்?" என்று கேளுங்கள்.

சுவரில் ஒட்ட வேண்டியவை: தாய், தகப்பனார், பக்கத்து வீட்டார், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகியோரின் எண்கள். ஆம்புலன்சுக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும், "அம்மா வரட்டும்" என்று ஆயா காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி வையுங்கள்:

– பால் குடிக்க மறுப்பது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது
– மூச்சு வேகமாக வாங்குவது. ஒரு நிமிஷத்துக்கு இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, பன்னிரண்டு மாதம் வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40; இந்த அளவை எட்டினாலே ஆபத்து
– மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே உள்ளே குழிவது
– வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம்
– இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், அல்லது தொட்டால் சில்லிட்டிருப்பது
– உதடும் நாக்கும் நீலமாவது

வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. காலையில் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

சிறுமியை ஆயா ஆக்காதீர்கள்

"பக்கத்து வீட்டுப் பொண்ணு, பன்னிரண்டு வயசு, சுறுசுறுப்பா இருக்கா, சாப்பாடு போட்டா போதும்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பதினாலு வயதுக்கு உட்பட்டவரை வீட்டு வேலைக்கு வைப்பது 2006ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்தே சட்டப்படி குற்றம். 2016ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லா வேலைகளுக்கும் தடை விதித்தது. சட்டத்தை விடுங்கள், இரவில் குழந்தைக்கு மூச்சு முட்டினால் அந்தச் சிறுமி என்ன செய்வாள்? அவளே தூங்க வேண்டிய பிள்ளை.

உங்கள் சொந்த மூத்த மகளுக்கும் இது பொருந்தும். தம்பியைப் பார்க்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து அவளை நிறுத்தினால், ஒரு பிள்ளையை வளர்க்க இன்னொரு பிள்ளையின் வாழ்வைச் செலவழிக்கிறீர்கள். குழந்தைகளுக்கு எந்த வகையான கொடுமை நடப்பதாகத் தெரிந்தாலும் 1098 என்ற எண்ணில் சொல்லலாம்.

ஆயாவும் மனுஷிதான்

இரவெல்லாம் விழித்திருந்தவரிடம், காலையில் "அப்படியே இரண்டு குடம் தண்ணி பிடிச்சுட்டு, பாத்திரத்தைக் கழுவிட்டுப் போங்க" என்று சொல்லாதீர்கள். பிள்ளை பார்ப்பதே ஒரு முழு வேலை. தூக்கம் கெட்டவர் கையில் குழந்தை பத்திரமாக இருக்காது. இரவு ஆயாவுக்குப் பகலில் உறக்கம் வேண்டும். வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும். வேளைக்குச் சாப்பாடும் படுக்க நல்ல இடமும் வேண்டும். சம்பளத்தைப் பேசிய தேதியில் கொடுங்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென 2007ஆம் ஆண்டு தனி நலவாரியம் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்ய அவருக்கு உதவி செய்யுங்கள். உங்களால் நன்றாக நடத்தப்படுபவர் உங்கள் குழந்தையையும் நன்றாக நடத்துவார்.

அரசாங்க ஏற்பாடுகள்

அங்கன்வாடித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குச் சத்துமாவு அங்கே கிடைக்கும். நடக்கும் வயதுப் பிள்ளைகள் பகலில் அங்கே இருக்கலாம். 2022ஆம் ஆண்டு முதல் "பால்னா" என்ற பெயரில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பகல் காப்பகங்களுக்கு மத்திய, மாநில அரசுகள் உதவுகின்றன. உங்கள் பக்கத்தில் உள்ளதா என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேளுங்கள். இவை எதுவும் இரவுக்கு இல்லை.

50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த விதி. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. தாய் ஒரு நாளில் நான்கு தடவை போய்க் குழந்தையைப் பார்த்துவரவும் உரிமை உண்டு. ஒருத்தி கேட்டால் கம்பெனி கேட்காது. பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். 1969இல் தில்லியில் கட்டட வேலை நடந்த இடத்தில், மண்ணில் கிடந்த கூலிப் பெண்களின் குழந்தைகளைப் பார்த்து மனம் பொறுக்காமல் மீரா மகாதேவன் என்ற அம்மையார் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். "மொபைல் கிரெஷஸ்" என்ற பெயரில் அது பல இடங்களுக்குப் பரவியது. நாலு தறி வீடுகள் சேர்ந்து ஓர் ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்து, ஒரு காற்றோட்டமான அறையில் பகல் காப்பகம் நடத்த நம் தெருவிலும் முடியும்.

பிரசவத்துக்குப் பின் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்த நாட்களில் உங்கள் ஆயாவும் கூட இருக்கட்டும். அவருக்குத் தெரியாததை எங்கள் பணியாளர் சொல்லித் தருவார். 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிகளையும், ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசியையும் ஆயா வைத்திருக்கிறோம் என்ற தைரியத்தில் மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. கைக்குழந்தை ஒன்று இருக்கும்போதே அடுத்தது வந்துவிட்டால், எந்த ஆயாவாலும் எந்தச் சம்பளத்தாலும் அந்த வீட்டைத் தாங்க முடியாது. இரண்டு பிள்ளைகளுக்கு இடையே மூன்று வருஷமாவது இடைவெளி இருக்கட்டும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடக்கூடிய காப்பர்டி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசி, ஆணுறை எல்லாம் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். போதும் என்று முடிவு செய்தவர்களில் ஆண்களுக்குத் தையலில்லாத எளிய கருத்தடைச் சிகிச்சை உண்டு. இருவரும் சேர்ந்து வந்து கேளுங்கள்.

பாவு சிக்கினால் பொறுமையாகப் பிரித்து மறுபடி நெய்துவிடலாம். ஒரு புடவை கெட்டால் அடுத்ததில் சரிக்கட்டலாம். பிள்ளை விஷயத்தில் அப்படியில்லை. பாருங்கள், கேளுங்கள், கூட இருந்து சோதித்துப் பாருங்கள். பிறகு நிம்மதியாக வேலைக்குப் போய்வாருங்கள். சந்தேகம் எதுவானாலும் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தயங்காமல் கேளுங்கள்.